வாய் மூடாத தட்டு

கண்டிக்குப் பக்கத்தில், கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி நான் வேலை செய்த பட்டறையில் ஒரு பேச்சு புழக்கத்தில் இருந்தது. வெளியாள் அதைக் கேட்டால் சண்டை என்றே நினைப்பார். கம்ப்யூட்டரில் ஒரு தகட்டின் உருவத்தை வரையும்போது அதன் சுற்றுக்கோடு எங்காவது சேராமல் நின்றுவிட்டால் அதை 'வாய் திறந்திருக்கிறது' என்போம். வாய் திறந்த உருவத்தை வெட்ட முடியாது. அதனால் முதலாளி வெட்டும் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஆட்கள் நிறைந்திருக்கிற நேரம் பார்த்து, "தங்கச்சி, வாய மூடிட்டீங்களா?" என்று கத்துவார். நானும் விடாமல், "இன்னும் இல்லீங்க, மூடத்தான் பாக்குறேன்" என்று திருப்பிக் கத்துவேன். ஒருமுறை கேட் செய்யக் கொடுக்க வந்த ஓர் அம்மா இதைக் கேட்டுவிட்டு, பொம்பளைப் பிள்ளையிடம் இப்படியா பேசுவது என்று அவரைப் பிடித்துக்கொண்டார். விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் முதலாளிக்கு வியர்த்துவிட்டது. நான் அவருக்கு உதவிக்குப் போகவில்லை, சிரித்துக்கொண்டே இருந்தேன்.

அவரை நான் நானா என்றுதான் கூப்பிடுவேன். முஸ்லிம் ஆட்கள் அண்ணனை அழைக்கிற சொல் அது, எங்களுக்கும் அதுவே பழகிவிட்டது. திகனவில் வீடு. வாப்பாவின் மரக்காலையில், மரம் அறுத்து விற்கிற இடத்தில், பலகை அளந்து வளர்ந்தவர், பிறகு கேட், கிரில் என்று இரும்பு வேலைக்கு வந்து, கடைசியில் தகடு வெட்டும் லேசர் மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். மெஷின் வந்ததும் அதற்கு வரைந்து கொடுக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. நான் புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, தொழில்நுட்பக் கல்லூரியில் வரைபடம் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். இப்படித்தான் அந்தப் பட்டறையின் மூலையில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், எனக்கு ஒரு மேசையும் கதிரையும் கிடைத்தன.

எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம். மனிதர்களிடம் அடக்கிக்கொள்வேன், கம்ப்யூட்டரிடம் அடக்குவதில்லை. உருவம் மூடவில்லை என்று அது சொல்லும், எங்கே மூடவில்லை என்று சொல்லாது. தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் அப்பா போட்டிருந்த மரக்கறிப் பாத்திக்குச் சுற்றிவர வேலி உண்டு. எங்கோ ஓர் ஓட்டை இருக்கிறது என்று முள்ளம்பன்றிக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. இந்த மென்பொருளும் அந்த முள்ளம்பன்றி மாதிரிதான். பாத்தியில் இருக்கிற கோவா முழுக்கத் தின்றுவிட்டுப் போய்விடும், வழியை மட்டும் காட்டாது.

இதையெல்லாம் இவ்வளவு உற்சாகமாக எழுதுகிறேன் என்றால் நான் சொல்லப்போகிற அந்த நாள் நல்லபடியாக முடிந்தது என்பதால்தான். முடிந்திராவிட்டால் இதைப் பற்றி வாயே திறந்திருக்க மாட்டேன்.

அன்று காலை நான் பட்டறைக்குள் நுழையும்போதே ஒரு ராத்தா, முஸ்லிம் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம், பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். கறுப்பு அபாயா, மடியில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம், வலது மணிக்கட்டில் துணிக்கட்டு. திகனவில் நானா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறவர். வீட்டிலேயே மெஷின் வைத்து இடியாப்பம் பிழிந்து விற்கிறார். அவருடைய பெரிய வாடிக்கை ஒரு மாணவர் ஹொஸ்டல், அத்தனை பிள்ளைகளுக்கும் காலைச் சாப்பாட்டு இடியாப்பம் அவருடைய வீட்டிலிருந்துதான் போகும்.

பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார். இரும்புத் தட்டு ஒன்று, உடைந்து கிடந்தது. மெஷினில் மாவு இறங்கும் குழாய்க்குக் கீழே இடியாப்ப அச்சைத் தாங்குகிற தட்டு அது. நடுவில் வட்ட ஓட்டை, இரண்டு பக்கமும் இரண்டு காது, சுற்றிவர ஏற்ற இறக்கமாய் ஒரு விளிம்பு. இந்தக் காதுகள் இரண்டும் மெஷினில் இருக்கிற இரண்டு குழிகளில் சரியாகப் போய் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் அச்சு அசையாது. கொஞ்சம் விலகினாலும் தட்டு உள்ளே இறங்காது. அந்தத் தட்டு மூன்றாக உடைந்திருந்தது. இரண்டு துண்டுகள் அவர் மடியில் இருந்தன. மூன்றாவது, ஒரு மூலைத் துண்டு, மாவோடு மாவாகப் போய்க் குப்பைக்குள் சேர்ந்துவிட்டது.

"ரெண்டு நாளா கையால புழியிறேன் தங்கச்சி," என்று கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினார். "இடியாப்ப உரல புடிச்சுத் திருகித் திருகி இந்தக் கை வீங்கிப் போச்சி. அப்பயும் பாதி தான் குடுக்க ஏலுமாச்சி. நாளைக்கும் முழுசா வராட்டி வேற ஆளப் பாக்குறதா ஹொஸ்டல்ல சொல்லிட்டாங்க. வேற ஆளும் தயாரா தான் இரிக்கி."

ஹொஸ்டல் போய்விட்டால் மிச்சம் இருப்பது இரண்டு மூன்று சாப்பாட்டுக் கடைகள். அதை வைத்துக்கொண்டு அந்த மெஷினை ஓட்டுவதில் அர்த்தமில்லை. ஆக நாளைக் காலைக்குள் தட்டு வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

நானா முந்தின நாள் வீட்டுக்குப் போகும் வழியிலேயே ராத்தா வீட்டில் இறங்கி, தொலைந்த துண்டு உட்காரும் இடத்தை மெஷினிலேயே அளந்து வந்திருந்தார். "அந்த மூலப் பக்கம் இருவத்தொண்ணு மில்லி. மத்ததெல்லாம் துண்டுல இரிக்கி, நீங்க அளந்துக்கங்க," என்று சொல்லிவிட்டு, தகடுகள் சாத்தியிருந்த இடத்துக்குப் போனார். திரும்பி வந்தபோது முகம் அவ்வளவு நன்றாக இல்லை. சாப்பாட்டுச் சாமானுக்குப் போடக்கூடிய ஸ்டெயின்லஸ், அந்தத் தடிப்பில், ஒரே ஒரு துண்டுதான் மிச்சம் இருந்தது. ஒரு தட்டுக்குப் போதும், இரண்டாவது தட்டுக்குப் போதாது. கொழும்பிலிருந்து வரவேண்டிய தகடு இந்த வாரக் கடைசியில்தான் வரும். ஆகவே பிழை விட இடமில்லை.

இரண்டு துண்டுகளையும் உடைந்த இடத்தில் பொருத்தி வைத்து, வேர்னியரை எடுத்து ஒவ்வொரு விளிம்பாக அளந்தேன். வேர்னியர் என்பது தாடை வைத்த அளவுகோல், பொருளைக் கவ்விப் பிடித்து மில்லியில் பத்தில் ஒரு பங்கு வரை துல்லியமாகச் சொல்லும். நானா சொன்ன மூலையிலிருந்து தொடங்கினேன். அவருடைய இருபத்தொன்று முதல் கோடு. அதன் பிறகு நான் அளந்த ஒவ்வொரு பக்கத்தையும் அதன் அளவோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டே வந்து, கடைசிக் காதில் முடித்தேன். முடித்துவிட்டு, தகடாக்கு என்று கட்டளை கொடுத்தேன்.

உருவம் மூடவில்லை என்றது.

முதலில் நான் அலட்டிக்கொள்ளவில்லை. இது தினம் நடக்கிறதுதான். மூடிய உருவத்துக்குள்ளே இளநீலம் பூசிக் காட்டுகிற ஒரு வசதி அதில் உண்டு, அதைப் போட்டேன். நீலம் வரவில்லை. சரி என்று ஒவ்வொரு மூலையாகப் போய்ப் படத்தைப் பெரிதாக்கினேன். கண்ணுக்குச் சேர்ந்ததுபோல இருக்கிற கோடுகள் உண்மையில் சேர்ந்திருக்காது, அதுதான் வழக்கமான கோளாறு. அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. ஒரு மூலையை மவுஸால் பிடித்து இழுத்தால் பக்கத்துக் கோடும் கூட வரவேண்டும். வராமல் இது மட்டும் தனியாக வந்தால் அவை இரண்டும் பேச்சுவார்த்தை இல்லாத கோடுகள் என்று அர்த்தம். இரண்டாவது மூலையில் அப்படி ஒன்றைப் பிடித்தேன், சேர்த்துவிட்டேன்.

மறுபடியும் மூடவில்லை.

அடுத்தது, ஒரு கோட்டின் மேலேயே இன்னொரு கோடு விழுந்திருப்பது. பார்த்தால் ஒன்றாகத்தான் தெரியும். சந்தேகப்பட்ட இடத்தில் ஒன்றை அழித்தேன், அதற்கடியில் இன்னொன்று சமர்த்தாகப் படுத்திருந்தது. காலையில் பிளேன்டீ குடித்துக்கொண்டே வரைந்ததன் விளைவு. அதையும் சரி செய்தேன். பிறகு மயிர்த்துண்டு அளவில் ஒரு குட்டிக் கோடு எதற்கும் உதவாமல் ஒரு மூலையில் கிடந்தது, அதையும் தூக்கினேன். இப்போது எல்லாம் துப்புரவு.

அப்போதும் மூடவில்லை. கடைசிக் காதுக்குப் பக்கத்தில், நான் சுற்றி வந்து முடித்த இடத்தில், முனைகள் இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நின்றன. நடுவில் ஒரு மில்லிக்குக் கொஞ்சம் கூடுதலான இடைவெளி. இது கைத்தவறு இல்லை. கைத்தவறு என்றால் இழுத்தால் வரும். இவை அசைய மறுத்தன, ஏனென்றால் ஒவ்வொன்றும் அதனதன் அளவில் கட்டுண்டு கிடந்தது. பலவந்தமாக இரண்டையும் முடிச்சுப் போடப் போனேன். திரையில் எல்லாக் கோடும் சிவப்பாகி, உன் அளவுகள் ஒன்றோடொன்று மோதுகின்றன என்றது.

துண்டுகளை மறுபடி அளந்தேன். அதே அளவு. உடையும்போது நெளிந்திருக்குமோ என்று தட்டையான பலகையில் வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு அளந்தேன். அதே அளவுதான். மேசையில் ஒரு குத்து விட்டேன், வேர்னியர் துள்ளிக் கீழே விழப் பார்த்தது.

சத்தம் கேட்டு நானா உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார். "இவ்வளவு தானா? ஒரு மில்லி தானே தங்கச்சி, அந்தக் காத கொஞ்சம் இழுத்து வெச்சிடுங்க. மூடிரும்."

மூடும். அதுதான் எனக்குப் பயம். காதுக்குப் போட்ட அளவை எடுத்துவிட்டு இழுத்தால் நொடியில் வாய் மூடும், நீலம் வரும், மெஷின் சந்தோஷமாக வெட்டும். உண்மைக்கு எப்படி நீலம் வருமோ அப்படியே பொய்க்கும் வரும். அந்த நீலத்துக்கு வித்தியாசம் தெரியாது.

"இரும்பு கேட்டா இருந்தா இழுத்துரலாங்க நானா. இது காது. ஒரு மில்லி தள்ளிப் போனா குழியில எறங்காது. தகடும் இது ஒண்ணு தான் இருக்கு."

"அப்ப எங்க பெழ வந்திரிக்கி?"

"அதான் தெரியல. தெரியாம வெட்ட மாட்டேன்."

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. முதலாளியிடம் பேசுகிற குரல் இல்லை அது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிற்பகல் அஸர் தொழுகைக்கு நேரமாகியிருந்தது. "வந்து பாப்பம்," என்று தொப்பியை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். காலையில் தொடங்கிய வேலை அஸர் வரை வந்துவிட்டது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ராத்தா எழுந்து வந்து கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றார்.

"தங்கச்சி, அது என்ன சொல்லுது?"

"மூடலன்னு சொல்லுதுங்க ராத்தா."

"நானா சொன்ன மாதிரி எப்படியாச்சும் மூடிருங்களே. கொஞ்சம் ஆடுனாலும் பரவால்ல. நான் துணி வெச்சி இறுக்கிக்கிறேன்."

கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. பாவமாகத்தான் இருந்தது. அவருக்கு வேண்டியது ஒரு தட்டு. அது உள்ளே இறங்காது, துணி வைத்து இறுக்குவதற்கு முதலில் அது இறங்க வேண்டும் என்று நான் சொன்னால், வேலையைத் தட்டிக்கழிக்கிறேன் என்று நினைப்பாரோ என்று இருந்தது. இருந்தாலும் சொன்னேன். உடைந்த துண்டின் காதைப் பிடித்து, என் இரண்டு விரல்களுக்கு நடுவில் குழி மாதிரி வைத்துக் காட்டினேன். இப்படி இருந்தால் இறங்கும், இவ்வளவு தள்ளினால் விளிம்பில் ஏறி நிற்கும் என்றேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அப்ப வெட்டாதீங்க," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, போய் உட்கார்ந்துகொண்டார். அந்த 'வெட்டாதீங்க' எனக்கு எவ்வளவு பெரிய உதவி என்பது அவருக்குத் தெரிந்திருக்காது. அதுவரை நான் மட்டும்தான் அடம்பிடித்துக்கொண்டிருந்தேன்.

திரையில் இருந்த அளவுகளை முதலில் இருந்து பார்த்தேன். ஒவ்வொன்றாக இல்லை, எல்லாவற்றையும் சேர்த்து, சும்மா, ஒரு படத்தைப் பார்ப்பதுபோல. நான் அளந்த எல்லாம் கோணல்மாணலான எண்கள். நாற்பத்தேழு புள்ளி ஆறு. பத்தொன்பது புள்ளி ஒன்று. அறுபத்துமூன்று புள்ளி ஐந்து. அவற்றுக்கு நடுவில் ஒரே ஒரு எண் மட்டும் குளித்து முழுகி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றது. இருபத்தொன்று. புள்ளியும் இல்லை, பின்னால் ஒன்றும் இல்லை.

இரும்பு இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளாது. அந்த வேலையில் நான் கற்றுக்கொண்ட ஒரே பாடம் அதுதான். இத்தனை நேரமும் வாய் திறந்திருந்த இடத்தையே முறைத்துக்கொண்டிருந்தேன். திறந்தது இங்கே. பிழை எதிர்ப்பக்கத்தில், நான் கோடு போடத் தொடங்கிய முதல் அடியிலேயே இருந்திருக்கலாம். அந்தக் குறை கோட்டோடு கோடாகச் சுற்றி வந்து, வேறு வழி இல்லாத இடத்தில் தலையைக் காட்டியிருக்கிறது.

நானா திரும்பி வந்தார். முகம் கழுவிய ஈரம் இன்னும் காயவில்லை, காலையில் இருந்ததைவிட அமைதியாக இருந்தார். நான் மேசையை விட்டு எழுந்து நின்றேன்.

"நானா, அந்த மூலைய என்னாத்துல அளந்தீங்க?"

"டேப்புல தான்."

"டேப்புல இருவத்தொண்ணுன்னு பாத்தீங்களா?"

"இல்ல. டேப்புல ஏழு நூல்."

நூல் என்பது இங்கே பட்டறைக்காரர் எல்லோருக்கும் தெரிந்த அளவு. ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் அதில் ஒன்று. தமிழ் ஆளும் நூல் என்பார், சிங்கள பாஸும் (கைவேலைக்காரரை இங்கே பாஸ் என்போம்) நூல் என்பார், பலகைக்கும் இரும்புக்கும் இந்தப் பக்கத்தில் அதுதான் பாஷை.

"ஏழு நூல எப்படி இருவத்தொண்ணு ஆக்குனீங்க?"

"ஒரு நூலுக்கு மூணு மில்லி தானே. ஏழு மூணு இருவத்தொண்ணு." சொல்லிக்கொண்டே இடுப்பிலிருந்த டேப்பை எடுத்து இழுத்துக் காட்டினார். டேப்பின் மேல்விளிம்பில் அங்குலம் நன்றாகத் தெரிந்தது. கீழ்விளிம்பில் மில்லிமீட்டர் இருந்த இடம் முழுக்கத் தேய்ந்து வெறும் மஞ்சளாய் இருந்தது. "இந்தப் பக்கம் அழிஞ்சி போச்சி. ஒங்களுக்கு மில்லில தானே வேணும், அதான் நானே கணக்குப் பாத்துச் சொன்னேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவர் எனக்கு வேலையைக் குறைக்கப் பார்த்திருக்கிறார். ஒரு நூல் என்பது மூன்று மில்லி இல்லை, மூன்றும் கொஞ்சமும். அந்தக் கொஞ்சத்தை அவர் விட்டுவிட்டார். மரக்காலையில் அந்தக் கொஞ்சத்தை யார் கேட்டது? பலகை அறுக்கும் வாளே அதைவிடத் தடிப்பாக இருக்கும். ஆனால் ஏழு கொஞ்சம் சேர்ந்தால் ஒரு மில்லியைத் தாண்டிவிடும்.

வாடிக்கையாளர் உட்கார்ந்திருக்கும்போது முதலாளியின் கணக்கு பிழை என்று எப்படிச் சொல்வது? நான் சொல்லவில்லை. உட்கார்ந்து, இருபத்தொன்றை அழித்துவிட்டு, அந்தக் கட்டத்தில் ஏழு நூலுக்கு உரிய சரியான மில்லியைப் போட்டேன். இருபத்திரண்டு புள்ளி இரண்டு. போட்டு, பொத்தானைத் தட்டினேன்.

கோடுகள் எல்லாம் லேசாக ஒரு அசைவு அசைந்தன. காதுப் பக்கத்து முனைகள் இரண்டும் நான் தொடாமலே போய் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தன. இப்போது முடிச்சுப் போட்டேன், ஒன்றும் சிவக்கவில்லை. தட்டு முழுவதும் இளநீலம் பரவியது.

வயிற்றில் பால் வார்த்த மாதிரி என்பார்களே, அப்படி இருந்தது. அந்த மென்பொருளை அன்று முழுவதும் திட்டியிருந்தேன், எங்கள் பாஷையில் உள்ள அத்தனை சொல்லாலும். அது மட்டும் வாயை மூடச் சம்மதித்திருந்தால் அந்த ஒரே தகடும் பாழாகியிருக்கும். அதன் பிடிவாதத்தை அன்று முதல் தடவையாகக் கும்பிட்டேன்.

நானா குனிந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார்.

"அப்ப நான் இவ்வளவு காலமும் அடிச்ச கேட்டெல்லாம் கொஞ்சம் கட்டையா தங்கச்சி?"

"யாரும் திருப்பிக் கொண்டாரலையே நானா."

ராத்தாதான் முதலில் சிரித்தார். பிறகு நானாவும். மெஷினைப் பார்த்துக்கொள்கிற பாஸ், என்ன விஷயம் என்று தெரியாமலே, அவரும் சேர்ந்து சிரித்தார்.

ஆனால் அந்தத் தகட்டை மெஷினில் ஏற்றும்போது யாரும் சிரிக்கவில்லை. முதலில் படத்தை அச்சொட்டான அளவில் தாளில் எடுத்து, உடைந்த துண்டுகளை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். கோட்டுக்குக் கோடு ஒத்துப்போனது. "ஷுவர் நேத?", நிச்சயம்தானே என்று பாஸ் சிங்களத்தில் கேட்டார். ஷுவர் என்று வாய் சொன்னது. மெஷின் சீறிக்கொண்டு சுற்றி வந்து, தொடங்கிய இடத்திலேயே போய் முடிந்தது. பாஸ் விளிம்பின் பிசிறுகளை அரத்தால் தேய்த்து, துடைத்து, சூடு ஆறாத தட்டை ராத்தாவின் இடது கையில் கொடுத்தார்.

நான் அறை எடுத்திருந்தது கட்டுகஸ்தோட்டையிலேயே. திகனவுக்குப் போக எனக்கு ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் நானா வேனை எடுக்கும்போது நானும் ஏறிக்கொண்டேன். குழியில் உட்காரும்வரை அது சரியான தட்டு இல்லை. அதை இன்னொருவர் போன் போட்டுச் சொல்லும்வரை காத்திருக்க என்னால் ஆகாது. மடவளைப் பக்கமாகப் போகும்போது மழை பிடித்துக்கொண்டது. வழியில் நானா இரண்டு தடவை, "இன்ஷா அல்லாஹ், சரிவரும்," என்றார், எங்களுக்கா அவருக்கா என்று தெரியவில்லை.

மெஷின் அடுப்படிக்குப் பக்கத்து அறையில், ஒரு பழைய படுக்கை விரிப்பால் மூடி இருந்தது. ராத்தாவின் மதினி விரிப்பை விலக்கினார். ராத்தா தட்டைக் குழாய்க்குக் கீழே கொண்டுபோய், ஒரு காதைக் குழியில் வைத்தார். இறங்கியது. மற்றதை வைத்தார். இறங்கவில்லை.

நானா என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன். காது குழியின் விளிம்பில், நான் விரலால் செய்து காட்டினேனே, அதே மாதிரி ஏறி நின்றது. ஏழு நூல்தானா, அல்லது ஆறரையா? டேப்பை யார் கண்ணால் பார்த்தது? அவருடைய எண்ணைச் சந்தேகப்பட்ட நான், அவருடைய நூலை மட்டும் எப்படி அப்படியே நம்பினேன்?

ராத்தா குனிந்து குழிக்குள் விரலை விட்டுத் தடவினார். "மாவு," என்றார். காய்ந்து கல்லாகிப்போன பழைய மாவு. கரண்டிக் காம்பை விட்டுச் சுரண்டினார், வெள்ளையாகப் பொருக்கு உதிர்ந்தது. துணியால் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். தட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. நானும் ஆட்டிப் பார்த்தேன். நானாவும் ஆட்டிப் பார்த்தார்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் நானா. நான் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

கொஞ்சம் மாவு குழைத்துப் போட்டு மோட்டரைத் திருகினார்கள். வெள்ளை நூல்கள் ஒரே சீராக இறங்கி, கீழே வைத்த பிரம்புத் தட்டில் சுற்றி விழுந்தன. ராத்தா முதல் இடியாப்பத்தை எடுத்துப் பார்க்கவே இல்லை, மோட்டர் ஓடும் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு அதை நிறுத்திவிட்டு அப்படியே ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது. துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

மதினி தேத்தண்ணீர் வைக்கவா என்று கேட்டார். ராத்தா அதைக் கேட்டாரோ என்னவோ, அடுப்புப் பக்கம் திரும்பி, பெருநாளுக்குப் பிறை கண்ட செய்தியை வீட்டாருக்குச் சொல்கிற குரலில் சொன்னார்:

"மதினி, மா முழுசையும் எடுத்து வைங்க. நாளைக்கு விடியக்காலைல, சுபஹுக்கு முந்தி எழும்பணும்."